பல நாள் பட்டினி கிடந்தவருக்கு மீண்டும் உணவு தொடங்கும் முறை

பிள்ளைகள் சென்னைக்கும் மும்பைக்கும் பிழைக்கப் போய்விட, திருநெல்வேலி மாவட்டத்தில் களக்காடு, நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கத்துக் கிராமங்களில் தனித்திருக்கும் முதியவர்கள், காய்ச்சலாலோ துணையை இழந்த துக்கத்தாலோ, அடுப்பு மூட்டாமல் வெறும் தண்ணீரும் கடுங்காப்பியுமாக நாட்களைக் கடத்திவிடுவது உண்டு. அப்படி ஒருவரைக் கண்டதும் வயிறு நிறையச் சோறும் கருப்பட்டியும் கொடுத்துத் தேற்றிவிடத்தான் மனம் துடிக்கும். ஆனால் நெடும்பட்டினியில் கிடந்த உடலுக்கு, உணவு திரும்பி வரும் முதல் சில நாட்களே பெரும் ஆபத்தானவை.

உணவு நின்றால், கல்லீரலில் சேமித்த சர்க்கரை ஏறக்குறைய ஒரு நாளில் தீர்ந்துவிடுகிறது. அதன்பின் உடல் தசையைக் கரைத்துச் சர்க்கரை செய்துகொள்கிறது. இரண்டு மூன்று நாட்களில் கொழுப்பிலிருந்து உண்டாகும் கீட்டோன்கள் என்னும் எரிபொருளுக்கு மாறி, மூளையும் மெல்ல அதற்குப் பழகுகிறது. தசை கரைவது இதனால் குறையுமே தவிர நிற்பதில்லை. இதயத் தசையும் அதில் அடக்கம். 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் உடலியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸ், தாமே முன்வந்த 36 இளைஞர்களுக்கு 24 வாரம் அரைவயிற்று உணவே கொடுத்து ஆராய்ந்தபோது, அவர்கள் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தார்கள்; நாடி தளர்ந்தது, எந்நேரமும் குளிரெடுத்தது, எரிச்சலும் மனச்சோர்வும் மிகுந்தன. ஆகவே தட்டைத் தள்ளிவிட்டுச் சிடுசிடுக்கும் ஆச்சியைக் கடிந்துகொள்ளாதீர்கள். அது பட்டினியின் வேலை.

பட்டினியில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகிய உப்புகளின் இருப்பு உடலில் கரைந்துபோயிருக்கும். அந்நிலையில் மாவுச்சத்தோ இனிப்போ மிகுதியாகப் போனால் இன்சுலின் சட்டென்று உயர்ந்து, இரத்தத்தில் எஞ்சியிருக்கும் அந்த உப்புகளையும் உயிரணுக்களுக்குள் இழுத்துவிடுகிறது. இதயத் துடிப்பு தடுமாறுவதும் மூச்சுத் தசைகள் சோர்வதும் இதனாலேதான். தயாமின் என்னும் பி1 வைட்டமினும் செலவாகித் தீர்ந்துபோவதால் மூளையும் பாதிக்கப்படலாம்.

முதலில் ஆளைக் கவனமாகப் பாருங்கள். நெற்றிப்பொட்டு குழிந்திருக்கிறதா, வளையல் முழங்கை வரை தளர்ந்து ஏறுகிறதா என்று கவனித்து, முன்னங்காலின் எலும்பின் மேல் கட்டைவிரலால் சில நொடிகள் அழுத்தி எடுங்கள். குழி அப்படியே நின்றால் அது நீர்வீக்கம். ஐந்து நாட்களுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் உண்ணாதவரை, குறிப்பாக மெலிந்தவரையும் குடிப்பழக்கம் உள்ளவரையும், வீட்டில் வைத்துப் பார்ப்பது சரியன்று. 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்கோ, பாளையங்கோட்டையிலுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டுசேர்த்து, எத்தனை நாள் உண்ணவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். அங்கே இரத்தத்தில் உப்புகளின் அளவைப் பார்த்து, உணவுக்கு முன்பே தயாமின் கொடுப்பார்கள்.

இப்படிப்பட்டவருக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் கிலோ எடைக்கு 10 கலோரி என்ற அளவில் தொடங்கி, ஒரு வாரத்தில் படிப்படியாக உயர்த்துவார்கள்; மிக மோசமான நிலையில் 5 கலோரிதான். அதாவது 40 கிலோ எடையுள்ளவருக்கு முதல் நாள் முழுவதற்கும் 400 கலோரி. 100 கிராம் அரிசியே சுமார் 350 கலோரி தருவதால், இது எவ்வளவு சிறிய அளவு என்பது விளங்கும். அரிசியும் சிறுபயறும் சேர்த்து மொத்தம் 50 கிராம் எடுத்துக் குழைய வேகவைத்த கஞ்சியையும், ஒன்றரை டம்ளர் பாலையும் ஆறேழு வேளைக்குப் பிரித்து, கரண்டி கரண்டியாகக் கொடுப்பது ஏறத்தாழ அந்த அளவுக்குள் அடங்கும். பாலிலும் பயறிலும் பாஸ்பேட் இருப்பதால் வெறும் அரிசிக் கஞ்சியைவிட இது மேல். பதநீர், குளுக்கோஸ் தண்ணீர், கருப்பட்டிக் காப்பி ஆகியவற்றைத் தள்ளிவையுங்கள். இதற்கு விலக்கு ஒன்று உண்டு: சர்க்கரை நோய் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துவிட்டு, உண்ணாமல் கிடந்து, வியர்த்து நடுங்குபவர் நினைவோடு இருந்தால் உடனே இனிப்பு கொடுத்தே ஆக வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

உணவு தொடங்கிய முதல் வாரத்தில் ஆள் தெளிந்ததுபோல் தோன்றிய பிறகும் கால் வீங்குவது, மூச்சிரைப்பது, படபடப்பு, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது, பார்வை இரண்டாகத் தெரிவது ஆகியவற்றில் எது வந்தாலும் இரவென்று பாராமல் மருத்துவமனைக்குத் திரும்புங்கள். உளுந்தங்களி சத்தானதுதான் என்றாலும், நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேர்ந்த அதை, மருத்துவர் முழு உணவுக்கு அனுமதித்த பிறகே ஒரு சிறு உருண்டையிலிருந்து தொடங்க வேண்டும்.