பரிசாகக் கொடுக்கும் குரோஷே போர்வை: நூல் கடையிலேயே தொடங்கிவிடும் தவறுகள்

மாதக்கணக்கில் உட்கார்ந்து கொக்கி ஊசியால் பின்னிக் கொடுத்த போர்வை, வாங்கியவர் வீட்டு அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடுவது அடிக்கடி நடக்கிறது. பின்னல் கோணலாக இருப்பது அதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பதில்லை. போர்த்தினால் வியர்க்கிறது, தூக்கினால் கனக்கிறது, இல்லையென்றால் துவைக்கவே பயமாக இருக்கிறது. மூன்றுமே ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடிவாகிவிடும் விஷயங்கள்.

நமக்குக் கிடைக்கும் போர்வை மாதிரிகளில் பெரும்பாலானவை அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா பக்கம் இருந்து வருபவை. அங்கே குளிர்காலம் உண்டு. சிங்கப்பூரில் இரவிலும் வெப்பநிலை 24, 25 டிகிரிக்குக் கீழே அவ்வளவாக இறங்காது. இங்கே போர்வை தேவைப்படுவது ஏர்கான் அறையில்தான். தடித்த நூலில் நெருக்கமாகப் பின்னினால், ஏர்கானை அணைத்த பத்தாவது நிமிடம் அது காலடிக்குப் போய்விடும். டிகே எனப்படும் நடுத்தர நூல், 5 மில்லிமீட்டர் ஊசி, கிரானி ஸ்கொயர் போலக் காற்று புகும் பின்னல், இவையே நம் ஊருக்குப் போதும்.

அளவிலும் பேராசை வேண்டாம். இங்கே குயின் மெத்தை 152-க்கு 190 சென்டிமீட்டர். அதை மூடிப் பக்கவாட்டிலும் தொங்கும்படி பின்னினால் சாதாரண வாஷிங் மெஷினில் துவைப்பதே சிரமம். சோபாவில் படுத்து டிவி பார்க்கும் அம்மாவுக்கு 100-க்கு 140 தாராளம். சக்கர நாற்காலியில் இருக்கும் பாட்டிக்கு இன்னும் சிறியது நல்லது, சக்கரத்தில் சிக்கக்கூடாது.

நூல் விஷயத்தில்தான் அதிகம் யோசிக்க வேண்டும். ஆட்டு உரோமக் கம்பளி பார்க்க அழகு. ஆனால் மெஷினில் வெந்நீரில் போட்டால் சுருங்கி அட்டை மாதிரி ஆகிவிடும், நம் ஈரப்பதத்தில் மூடிய அலமாரிக்குள் பூஞ்சை வாடையும் பிடிக்கும். பருத்தி உடம்புக்கு இதமானது, வியர்வையை உறிஞ்சும். அதன் குறை ஈரத்தில் தெரியும்: நனைந்தால் பயங்கரக் கனம். அடுக்குமாடி வீட்டில் ஜன்னலுக்கு வெளியே கழியில் தொங்கவிட்டால் அந்தக் கனத்திலேயே கீழ்நோக்கி நீண்டு, அடுத்த முறை போர்த்தும்போது வேறு வடிவத்தில் இருக்கும். நவம்பர், டிசம்பர் மழையில் காய்வதும் தாமதம். அக்ரிலிக் லேசானது, சீக்கிரம் காயும், விலையும் குறைவு. மலிவான ரகம் உடம்பில் ஒட்டி வியர்க்க வைக்கும். அதன்மேல் சூடான இஸ்திரிப்பெட்டியை வைத்தால் இழை உருகித் துவண்டுவிடும், பழையபடி ஆகாது. பெரியவர்களுக்குக் கொடுப்பதென்றால் பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்த நூல்தான் என் தேர்வு. வாங்குமுன் உருண்டையைக் கழுத்தில் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். விரல் கண்டுபிடிக்காத சொரசொரப்பைக் கழுத்து கண்டுபிடித்துவிடும்.

பீப்பிள்ஸ் பார்க் சென்டர் நூல் கடையிலோ, பிளாசா சிங்கப்பூராவில் உள்ள ஸ்பாட்லைட்டிலோ வாங்கும்போது லேபிளில் டை லாட் எண்ணைப் பாருங்கள். ஒரே நிறம், ஒரே பெயர் என்றாலும், வேறொரு தடவை சாயம் போட்ட நூல் லேசாக மாறித் தெரியும். கடை வெளிச்சத்தில் தெரியாது, சோபாவில் விரித்தால் பட்டையாகத் தெரியும். மொத்தமும் ஒரே எண்ணில் வாங்கி, ஓர் உருண்டை கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் எவ்வளவு வேண்டும் என்று எப்படித் தெரியும்? இதற்குத்தான் மாதிரித் துண்டு. பலர் இதைத் தவிர்க்கிறார்கள், பரிசுப் போர்வைக்கு இதைவிடப் பயனுள்ள வேலை இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஓர் உருண்டை மட்டும் வாங்கி, 20-க்கு 20 சென்டிமீட்டர் துண்டு ஒன்று பின்னி, சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். 100-க்கு 140 போர்வையில் அப்படி 35 துண்டுகள் அடங்கும். துண்டு 20 கிராம் என்றால் போர்வைக்கு 700 கிராம், ஓரப் பின்னலுக்கும் நூல் நுனிகளுக்கும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் அதே துண்டை, பரிசு வாங்கப்போகிறவர் துவைப்பது போலவே மற்றத் துணிகளோடு மெஷினில் போட்டு எடுங்கள். சுருங்குகிறதா, சாயம் போகிறதா, பிசிறு கிளம்புகிறதா என்பதெல்லாம் அந்தச் சின்னத் துண்டிலேயே தெரிந்துவிடும். சரி என்று பட்டால், மறுபடி கடைக்குப் போய் மொத்தத்தையும் ஒரே டை லாட்டில் வாங்கலாம்.

பின்னும்போது வரும் தவறுகள் சிலதான். தொடக்கச் சங்கிலியை இறுக்கிப் போட்டால் கீழ்விளிம்பு வில்லாக வளையும், அந்த ஒரு வரிசைக்கு மட்டும் ஒரு அளவு பெரிய ஊசி எடுங்கள். வரிசைக்கு வரிசை கண்ணிகளை எண்ணாவிட்டால் போர்வை மேலே போகப் போகக் குறுகும். பிரிட்டிஷ் மாதிரியில் டபுள் குரோஷே என்றிருப்பது அமெரிக்க மாதிரியில் சிங்கிள் குரோஷே, எந்த முறை என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். நூல் மாற்றும் இடத்தில் வெறும் முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டுவது மட்டும் கூடவே கூடாது. நாலு முறை துவைத்தால் அவிழும். 15 சென்டிமீட்டர் நுனி விட்டு, தையல் ஊசியால் மூன்று திசையில் உள்ளே செலுத்துங்கள். இதை அன்றன்றே செய்யுங்கள், கடைசியில் நூறு நுனிகளோடு உட்கார்ந்தால் யாருக்கும் பொறுமை இருக்காது.

பிறந்த குழந்தைக்கென்றால் அக்கறை இன்னும் கூட வேண்டும். பெரிய ஓட்டைகள் உள்ள பின்னலில் குட்டி விரல்கள் மாட்டிக்கொள்ளும். குஞ்சம், பொத்தான், முடி உதிரும் நூல் எதுவும் வேண்டாம். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வையே இருக்கக்கூடாது என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. ஆகவே தரையில் விரித்துக் குழந்தையைக் கண்ணெதிரே விளையாட விடுவதற்கு என்று சொல்லிக் கொடுங்கள். அந்த வேலைக்கு 80-க்கு 80 அளவில், நெருக்கமான பருத்திப் பின்னலே ஏற்றது.

நிறத்தைக் கேட்டுவிட்டுப் பின்னுவதில் தப்பே இல்லை. நம் பெரியவர்கள் பலருக்குக் குழந்தைக்கும் கல்யாணத்துக்கும் கறுப்பு பிடிக்காது. சீன நண்பர் வீட்டு விசேஷத்துக்கு வெள்ளையும் கறுப்பும் மட்டும் சேர்ந்த போர்வை துக்கத்தை நினைவூட்டலாம். ஆச்சரியப்படுத்த ஆசை என்றால் அவர்கள் வீட்டு சோபா, திரைச்சீலை நிறத்தையாவது கவனித்துக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்குத் தருகிறேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுப்பதும் வேண்டாம். பாதி முடிந்த பிறகு சொன்னால் போதும், அவசரத்தில் கண்ணி இறுகிவிடும்.

கொடுக்கும்போது, எந்த நூல், எப்படித் துவைப்பது, எப்படிக் காயவைப்பது என்று ஒரு சிறு அட்டையில் எழுதி வையுங்கள். குளிர்ந்த நீர், வலைப்பை, கழியில் தொங்கவிடாமல் துணி உலர்த்தும் சட்டத்தின் மேல் பரப்பிக் காயவிடவும், இவ்வளவுதான். அதோடு மிச்ச நூலில் சில மீட்டரைச் சுற்றி ஒரு சின்ன உறையில் போட்டுக் கொடுங்கள். என்றாவது ஓரம் பிரிந்தால் அதே நிறத்தில் சரிசெய்ய உதவும்.