மாயா சிற்பங்களை வரையத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் செழித்திருந்த பழைய மாயா நாகரிகத்தின் கோபான், பலென்கே, யாஷ்சிலான் போன்ற நகரங்களின் சிற்பங்களைப் புகைப்படம் பார்த்துக் கோட்டோவியமாக வரையும் ஆர்வம் இப்போது நம் ஆட்களிடமும் வந்திருக்கிறது. எனக்கு அதில் நிஜமான சந்தோஷம். புதிதாக வரைபவர்கள் சிலர் தங்கள் படங்களை அனுப்பி, சரியா பாருங்கள் என்று கேட்பார்கள். பார்க்கப் பார்க்க, ஆரம்பத்தில் நான் செய்த அதே தவறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அஸ்டெக்கையும் மாயாவையும் குழப்புவது, 2012-ல் உலகம் அழியும் என்ற கதை, இதெல்லாம் இங்கே வேண்டாம். பென்சிலை எடுக்கும் அளவுக்கு வந்தவர்கள் அதைத் தாண்டியிருப்பார்கள்.

உச்சி வெயில் படத்தை நம்புவது

பலென்கேயின் சுண்ணாம்புக்கல் பலகைகளில் பல இடங்களில் செதுக்கு ஆழம் ரொம்பக் குறைவு. நேர் மேலே இருந்தோ நேர் எதிரே இருந்தோ ஒளி விழுந்தால் பாதிக் கோடுகள் காணாமல் போய்விடும். ஒளி பக்கவாட்டில் இருந்து, கல்லை உரசிக்கொண்டு போவது போல விழ வேண்டும். கல்வெட்டுகளைப் பதிவு செய்வதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டிருந்த இயன் கிரஹாம் போன்றவர்கள் இரவில் விளக்கைப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுத்தது இதற்காகத்தான். ஒரே கல்லுக்கு இடப்பக்க ஒளியில் ஒரு படம், வலப்பக்க ஒளியில் ஒரு படம் கிடைத்தால் இரண்டையும் வைத்து வரையுங்கள். ஃபிளாஷ் போட்டு எடுத்த ஒற்றைப் படம் மட்டும்தான் கையில் இருக்கிறதென்றால், அந்தக் கல்லை விட்டுவிட்டு வேறு கல்லுக்குப் போங்கள்.

கல்லில் இல்லாததைக் கோட்டில் கொண்டுவருவது

எல்லாவற்றிலும் மோசமானது இதுதான். இன்றும் இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

ஹோண்டுராஸில் இருக்கும் கோபானின் பெரிய சதுக்கத்தில் ஸ்டெலா பி என்ற செதுக்குத் தூண் நிற்கிறது. ஸ்டெலா என்பது அரசர்கள் தங்கள் உருவத்தையும் செய்தியையும் பொறித்து நட்டுவைத்த நெடுங்கல். இதை நிறுவியவர் கோபானின் 13-வது அரசர், வஷாக்லாஹுன் உபாஹ் காவீல், ஆண்டு 731. உச்சியின் இரண்டு மூலைகளிலும் நீண்டு வளைந்த மூக்கோடு இரண்டு தலைகள். அவை மக்காவ் கிளிகள், அதாவது அந்தக் காட்டின் பெரிய பஞ்சவர்ணக் கிளிகள். அந்த ஊர்ப் பந்தாட்டக் களத்திலும் மக்காவ் தலைகள் இருக்கின்றன. இதே கல்லில் 'மோ விட்ஸ்', மக்காவ் மலை, என்று இடத்தின் பெயரே பொறிக்கப்பட்டிருக்கிறது. இத்தனை இருந்தும் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிராஃப்டன் எலியட் ஸ்மித் என்ற உடற்கூறியல் பேராசிரியர் அவற்றை யானைகள் என்று அடித்துச் சொன்னார். மேலே இருக்கும் மனித உருவங்கள் பாகன்களாம், எல்லாம் இந்தியாவில் இருந்து போனதாம்.

அவருக்கும் முன்பே இந்தக் கதை தொடங்கிவிட்டது. 1832-ல் பலென்கே போய் ஓராண்டுக்கு மேல் தங்கிய வால்டெக் என்ற ஓவியர், அங்கிருந்த எழுத்துகளை வரையும்போது நடுவே யானைத் தலைகளைச் சேர்த்து வரைந்தார். அவர் கை தேர்ந்த கை, கோடுகள் அத்தனை சுத்தமாக இருக்கும், அதனால் பார்ப்பவர்கள் நம்பினார்கள். பிறகு ஆல்ஃபிரட் மாட்ஸ்லே என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் கேமராவும் அச்சு வார்ப்பும் கொண்டு அதே கட்டடங்களைப் பதிவு செய்தபோது யானை எதுவும் இல்லை. இருக்கவும் முடியாது, மாயா நகரங்கள் தோன்றுவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கண்டத்தில் யானை இனம் அற்றுப்போய்விட்டது.

சரி, பழைய கதைதானே என்று விட முடியவில்லை. சில காலம் முன்பு ஒருவர் ஸ்டெலா பி-யின் மேல் மூலையை வரைந்து அனுப்பினார். மூலப்படம் தெளிவில்லாதது, நண்பகலில் எடுத்தது, அலகு சிதைந்திருக்கிறது. சிதைந்த இடத்தை அவர் அப்படியே விட்டிருக்கலாம். விடாமல் தும்பிக்கையாக நீட்டி, பக்கத்தில் இருந்த ஒரு விரிசலைத் தந்தமாக்கி, எல்லாவற்றையும் ஒரே தடிமனில் மை போட்டு முடித்திருந்தார். திருத்திக் கொடுப்பதற்குள் படம் வாட்ஸ்அப்பில் போய்விட்டது, 'மாயா நாட்டில் சோழர் யானை' என்ற தலைப்போடு. தஞ்சையில் விஜயாலயன் ஆட்சியைப் பிடிப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கும் முந்திய கல் அது என்று எத்தனை பேரிடம் சொல்வது? கல்லின் புகைப்படத்தைப் பார்த்தால் சந்தேகப்படுகிறவர்கள்கூட கோட்டோவியத்தைப் பார்த்தால் கேள்வி கேட்பதில்லை, கோடு அவ்வளவு உறுதியாகத் தெரிகிறது. அதனால்தான் வரைபவரின் பொறுப்பு புகைப்படம் எடுப்பவரின் பொறுப்பைவிடப் பெரியது என்று நினைக்கிறேன்.

இதற்கு வழி இருக்கிறது, கஷ்டமும் இல்லை. கண்ணுக்குத் தெரிவது முழுக் கோடு. ஓரளவு தெரிந்து மீதியை ஊகித்தால் விட்டுவிட்டுப் போகும் கோடு. தேய்ந்து ஒன்றும் தெரியாத இடத்தில் புள்ளிகள் மட்டும். கணினியில் வரைபவர்கள் ஊகங்களைத் தனி லேயரில் வைத்தால், படத்தைக் கொடுக்கும்போது அந்த லேயரை அணைத்தும் ஒரு பிரதி கொடுக்கலாம். புள்ளி வைத்த படம் அரைகுறையாகத் தெரிகிறதே என்று பலர் வருத்தப்படுகிறார்கள். கல்லே அரைகுறையாகத்தானே இருக்கிறது. 1839-ல் கோபான் போன கேதர்வுட், தேர்ந்த கட்டடக் கலைஞர், முதல் ஸ்டெலாவின் முன்னால் சேற்றில் நின்று தாள் தாளாக வரைந்து, எதிலும் திருப்தி இல்லாமல் திணறினார். தனக்குப் பழக்கமான எந்தச் சிற்ப மரபிலும் அது அடங்கவில்லை என்பதை ஒப்புக்கொண்டு, உள்ளதை உள்ளபடி பார்க்கக் கண்ணைப் பழக்கினார். இன்றும் அவர் படங்களை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்கிறார்கள்.

பக்கால் மூடியைப் படுக்கையாகத் திருப்புவது

வேண்டாம். பலென்கே அரசர் பக்காலின் கல் சவப்பெட்டி மூடியில் இருப்பது நிமிர்த்திப் பார்க்க வேண்டிய படம்: கீழே பாதாளத்தின் வாய், நடுவே அரசர், மேலே மரமும் பறவையும். படுக்கையாகத் திருப்பிவிட்டு, அரசர் ராக்கெட் ஓட்டுகிறார் என்பார்கள். ராக்கெட் இல்லை.

உருவத்தை வரைந்து எழுத்தை விட்டுவிடுவது

எழுத்து வரைவது சலிப்பான வேலைதான், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் நாலைந்து குறிகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். பெரிய ஆட்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். சில்வானஸ் மோர்லி என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் பெரும்பாலும் தேதிகளை மட்டுமே பதிவு செய்து மற்ற எழுத்துகளை விட்டுவிட்டார், ஏனென்றால் இந்தக் கல்வெட்டுகள் காலக் கணக்கும் வானியலும்தான் என்று அன்றைக்கு நம்பினார்கள். 1960-ல் தத்யானா ப்ரோஸ்கூரியாகோஃப், பியெத்ராஸ் நெக்ராஸ் நகரத்து ஸ்டெலாக்களைத் தொகுதி தொகுதியாக அடுக்கிப் பார்த்து, ஒவ்வொரு தொகுதியும் ஒரு மனித ஆயுளுக்குள் அடங்குகிறது, அதில் பிறப்பும் முடிசூட்டும் இருக்கிறது என்று காட்டினார். அதுவரை கடவுள்கள் என்று நினைக்கப்பட்ட உருவங்கள் அரசர்களாகவும் அரசிகளாகவும் ஆயின. அவர் கட்டடக் கலை படித்து, கோயில்களை வரைந்து வரைந்து இந்தத் துறைக்கு வந்தவர் என்பது நமக்கெல்லாம் தெம்பு தரும் விஷயம். நீங்கள் விடும் எழுத்தில்தான் அந்த உருவத்தின் பெயர் இருக்கலாம், விடாதீர்கள்.

ஒற்றை வரிசையாகக் கீழே படித்துக்கொண்டே போவது

மாயா எழுத்தைப் பொதுவாக இரண்டிரண்டு நெடுவரிசைகளாகச் சேர்த்து, இடமிருந்து வலமாகப் போய் அடுத்த வரிக்கு இறங்க வேண்டும். விதிவிலக்கும் உண்டு: யாஷ்சிலானின் 25-ம் எண் விட்டக்கல்லில், அதாவது வாசலுக்கு மேலே வைக்கும் கல்லில், எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறியிருக்கிறது. அதைத் 'திருத்தி' வரையாதீர்கள்.

சாக்பீஸ்

கல்லின் மீது தடவவே கூடாது.

தேதியைப் பாதி எழுதுவது

பக்கால் இறந்த நாள் ஓரிடத்தில் 683 ஆகஸ்ட் 28 என்றும் இன்னோரிடத்தில் ஆகஸ்ட் 31 என்றும் இருக்கும். முதலாவது பழைய ஜூலியன் நாட்காட்டி, இரண்டாவது இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டி. எது என்று குறிப்பிடாத தேதியைப் படத்தின் கீழே போடாதீர்கள்.

இன்று நிற்கும் கல்லை மட்டும் பார்ப்பது

கோபானின் எழுத்துப் படிக்கட்டில் சுமார் 2,200 எழுத்துக் கட்டங்கள் இருந்தன. படிகள் சரிந்து விழுந்து, 1930-களில் கார்னகி என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் தூக்கி நிறுத்தியபோது, அடியில் இருந்த சில படிகளைத் தவிர மற்ற கற்கள் சரியான வரிசை தெரியாமலே அடுக்கப்பட்டன. அதை வரிசையாக வரைந்துவிட்டு வாக்கியம் புரியவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. அதே ஊரில் ஸ்டெலா ஏ-யின் அசல் அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது, வெளியே நிற்பது நகல். நகலைப் பார்த்து வரைந்தால் நகல் என்று எழுதுங்கள். அப்புறம், மை போடுவதற்கு முன் மாட்ஸ்லேயின் பழைய புகைப்படங்களையும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய வார்ப்புகளின் படங்களையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மழையில் தேய்ந்துபோன சில கோடுகள் அங்கே இன்னும் கூர்மையாக இருக்கின்றன, அவற்றைச் சேர்த்தால் எந்த ஆண்டுப் படத்திலிருந்து எடுத்தது என்று ஓரத்தில் குறித்துவையுங்கள்.