மழலையர் கல்வி ஆசிரியராகக் கல்லூரியில் பயில்வது எப்படி

பிறந்த நாள் முதல் எட்டு வயது வரையிலான காலத்தை முன்பருவம் என்று யுனெஸ்கோ வரையறுக்கிறது. கைக்குழந்தைக் காப்பகத்தில் பணிபுரிபவரும், மூன்று வயதுக் குழந்தைகளோடு மழலையர் பள்ளியில் இருப்பவரும், தொடக்கப்பள்ளியின் முதல் வகுப்புகளை நடத்துபவரும் இந்த ஒரே துறையைச் சேர்ந்தவர்களே. இத்துறைக்கு வர விரும்புவோரில் பலர் குழந்தைகள் மீதுள்ள பிரியத்தைத்தான் முதல் காரணமாகச் சொல்வார்கள். அந்தப் பிரியம் கட்டாயம் வேண்டும். ஆனால் அதைக் கற்றுத்தரக் கல்லூரி தேவையில்லை. ஒரு குழந்தை செய்வதை அவசரப்படாமல் பார்ப்பது, பார்த்ததைத் தன் கருத்தைக் கலக்காமல் எழுதுவது, எழுதியதிலிருந்து அக்குழந்தைக்கு நாளை என்ன தேவை என்று முடிவு செய்வது ஆகிய மூன்றையும் வழிகாட்டுபவர் ஒருவரின் துணையோடு திரும்பத் திரும்பப் பழகுவதற்கே கல்லூரி தேவைப்படுகிறது. எந்தக் கல்லூரியில் சேருவது, எதைக் கருத்தூன்றிப் படிப்பது, களப்பயிற்சியில் எப்படி நடந்துகொள்வது என்ற கேள்விகளுக்கெல்லாம் இதையே அளவுகோலாகக் கொள்ளலாம் என்பது என் உறுதியான கருத்து.

கல்லூரியைத் தேர்ந்தெடுத்தல்

இப்படிப்பு பொதுவாகச் சான்றிதழ், பட்டயம், பட்டம் என்ற நிலைகளில் கிடைக்கிறது. எந்த நிலையில் படித்தவர் எந்த வயதுக் குழந்தைகளுக்குப் பொறுப்பேற்கலாம், உதவியாளராக மட்டும் இருக்க முடியுமா அல்லது தலைமை ஆசிரியராகவும் ஆகலாமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே பணியாற்றப்போகும் இடத்தில் மழலையர் பள்ளிகளுக்கு உரிமம் வழங்கும் அமைப்பு எந்தப் படிப்பை ஏற்கிறது என்பதை முதலில் அந்த அமைப்பிடமே கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். கல்லூரியின் விளம்பரத்தை மட்டும் நம்பிப் பணம் கட்டிவிடக் கூடாது.

அடுத்து விசாரிக்க வேண்டியது களப்பயிற்சி. மொத்தம் எத்தனை மணி நேரம், அது முதல் பருவத்திலேயே தொடங்குகிறதா அல்லது கடைசிப் பருவத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறதா, கைக்குழந்தைகள், தளர்நடைக் குழந்தைகள், பள்ளிக்கு முந்திய வயதினர் என வெவ்வேறு வயதுப் பிரிவுகளில் வாய்ப்புத் தருவார்களா என்று கேளுங்கள். கல்லூரி ஆசிரியர் பயிற்சியிடத்துக்கு நேரில் வந்து பார்ப்பாரா, வந்தால் எத்தனை முறை, பார்த்த பிறகு உங்களோடு உட்கார்ந்து பேசுவாரா என்பதையும் கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்குத் தெளிவான பதில் சொல்லும் கல்லூரி, பெரிய கட்டடமோ பெயரோ இல்லாவிட்டாலும் நல்ல தேர்வாக இருக்கக்கூடும். வளாகத்திலேயே ஒரு மழலையர் பள்ளியை நடத்தும் கல்லூரிகளில், காலையில் வகுப்பில் கேட்டதை அன்றே குழந்தைகளிடம் கண்டறிய முடியும். அத்தகைய வாய்ப்பு அமைந்தால் தவறவிடாதீர்கள். பாடங்களை இணையவழியில் படிக்கலாம், அதில் குறையேதும் இல்லை. ஆனால் குழந்தைகள் இருக்கும் அறையில் நேரத்தைச் செலவிடாமல் இந்தத் தொழில் கைவராது.

விண்ணப்பிப்பதற்கு முன் ஒரு காப்பகத்திலோ மழலையர் பள்ளியிலோ சில நாட்கள் உதவிக்குப் போய்ப் பாருங்கள். நாள் முழுவதும் தரையில் உட்கார்ந்து எழுவது, ஒரே நேரத்தில் இரண்டு குழந்தைகள் அழுவது, அணையாடை மாற்றுவது, சிந்தியதைத் துடைப்பது எல்லாம் இந்த வேலையின் பகுதிகளே. மருத்துவப் பரிசோதனை, தடுப்பூசி விவரம், காவல்துறைச் சரிபார்ப்பு, முதலுதவிச் சான்றிதழ் ஆகியவற்றைப் பல இடங்களில் களப்பயிற்சிக்கு முன்பே கேட்பார்கள். சில ஆவணங்கள் வந்து சேரத் தாமதமாகலாம் என்பதால் சேர்க்கை உறுதியானவுடனே அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

கோட்பாடுகளைப் படிக்கும் முறை

ஃபிரெட்ரிக் ஃப்ரோபெல் 1837-இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க்கில் சிறு குழந்தைகளுக்கான நிலையத்தைத் தொடங்கினார் என்பதும், 1840-இல் அதற்குக் கிண்டர்கார்ட்டன் என்று பெயரிட்டார் என்பதும், மருத்துவரான மரியா மாண்டிசோரி 1907 ஜனவரியில் ரோம் நகரின் சான் லோரென்சோ பகுதியில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார் என்பதும் எல்லாப் பாடத்திட்டங்களிலும் வரும். ஆண்டுகளை மனப்பாடம் செய்தால் தேர்வில் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் இவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. ழான் பியாஜே தம் மூன்று பிள்ளைகளையும் அவர்கள் பிறந்ததிலிருந்தே உற்றுநோக்கி, ஒளித்துவைத்த பொருளைக் குழந்தை தேடுகிறதா, எந்த வயதில் தேடத் தொடங்குகிறது என்று குறித்துவைத்தார். அறிவு வளர்ச்சி பற்றிய அவருடைய கருத்துகள் பல அந்தக் குறிப்புகளிலிருந்து பிறந்தவை. அவருக்குப் பின் வந்தவர்கள் அக்கருத்துகளில் சிலவற்றைத் திருத்தியதும் மேலும் நுட்பமாகக் குழந்தைகளைக் கவனித்ததால்தான். எனவே ஒரு கோட்பாட்டைப் படித்த வாரத்திலேயே பயிற்சியிடத்தில் அதைத் தேடிப் பாருங்கள். பொருந்துகிற இடத்தையும் பொருந்தாத இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எடுத்துக்காட்டாக, மில்ட்ரெட் பார்ட்டன் 1932-இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தை தனியாக விளையாடுவது, பிறர் விளையாட்டை நின்று பார்ப்பது, பக்கத்துக் குழந்தையோடு பேசாமல் அதே பொருளை வைத்து இணையாக விளையாடுவது, கூடிக் கலந்து விளையாடுவது, ஒரு நோக்கத்தோடு பொறுப்புகளைப் பிரித்துக்கொண்டு ஒத்துழைத்து விளையாடுவது என்று வகைப்படுத்தினார். இதைப் படிக்கும் மாணவர் தனியாக விளையாடும் குழந்தையைக் குறையுள்ளதாக எண்ணிவிடுவது எளிது. விளையாட்டு மணல் தொட்டியருகே அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால், ஒரே குழந்தை இவற்றில் மூன்று வகைகளுக்குள் மாறி மாறிப் போய்வருவதைக் காணலாம்.

வளர்ச்சிப் படிநிலைகளுக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் பல நாடுகளில் நடத்திய ஆய்வில், நலமான குழந்தைகள் யார் துணையுமின்றி நடக்கத் தொடங்கும் வயது ஏறத்தாழ 8 மாதத்திலிருந்து 17 மாதத்துக்கும் சற்று மேல்வரை பரந்திருந்தது. ஒற்றை எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு பெற்றோரைக் கலங்கடிக்காமல் இருக்கவும், உண்மையில் கவலைப்பட வேண்டிய தாமதத்தைக் கண்டால் உரியவர்களிடம் தயங்காமல் சொல்லவும் அந்த வரம்பு முழுவதும் தெரிந்திருக்க வேண்டும்.

உற்றுநோக்கல் குறிப்பு எழுதுதல்

இந்தப் படிப்பில் மாணவர்கள் மிகுதியாக எழுதுவதும், பலர் கடமைக்காக எழுதி முடிப்பதும் உற்றுநோக்கல் குறிப்புகள்தான். ஒரு குறிப்பு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: “இன்று அ மிகவும் பிடிவாதமாக இருந்தான். மற்ற குழந்தைகளோடு சேராமல், கட்டைகளைப் பகிர மறுத்தான்.” இதைப் படிப்பவருக்கு எழுதியவரின் எரிச்சல்தான் தெரிகிறது, குழந்தையைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

அதே நிகழ்ச்சியை இப்படி எழுதலாம்: “9.40. அ (3 வயது 2 மாதம்) கட்டை மூலையில் மண்டியிட்டு நான்கு நீளக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறான். ஐந்தாவதை வைக்கும்போது அடுக்கு சாயாமல் இடக்கையால் பிடித்துக்கொள்கிறான். இ வந்து பக்கத்தில் கிடந்த நீளக் கட்டையை எடுக்கிறாள். அ ‘அது பாலத்துக்கு’ என்று சொல்லி அதைத் திரும்ப இழுக்கிறான். இ அங்கேயே நின்று பார்க்கிறாள். 9.43. அ சிறிய கட்டை ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டுகிறான்.”

மூன்று நிமிடக் குறிப்பு இது. அவன் மனத்தில் ஒரு திட்டம் இருக்கிறது. இரு கைகளுக்கும் வெவ்வேறு வேலை கொடுக்கத் தெரிகிறது. தன் தேவையைக் காரணத்தோடு சொல்ல முடிகிறது. கேட்டதைக் கொடுக்காவிட்டாலும் அதற்கு ஈடாக வேறொன்றைக் கொடுக்க அவனாகவே முன்வருகிறான். முதல் குறிப்பில் பிடிவாதமாகத் தோன்றிய அதே குழந்தைதான் இவன். நாளைக்கு என்ன செய்யலாம் என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது: நீளக் கட்டைகளைக் கூடுதலாக வைக்கலாம், பாலத்துக்குத் தோதான அகலப் பலகை ஒன்றைச் சேர்க்கலாம், இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும்படி இடத்தை விரிக்கலாம். பாடத்திட்டமிடல் என்று தனித் தாளாகப் படிப்பதன் உயிர்ப்பகுதி இந்த இடத்தில்தான் இருக்கிறது. குழந்தையைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி முடித்த திட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும் யாருக்காகவோ எழுதியதாகவே இருக்கும்.

இதைப் பழகச் சட்டைப்பைக்குள் அடங்கும் சிறு குறிப்பேடும் பென்சிலும் போதும். நேரத்தை எழுதுங்கள். செயலைச் சொல்லும் வினைச்சொற்களை எழுதுங்கள்; ‘சமர்த்து’, ‘சோம்பல்’, ‘முரடு’ போன்ற சொற்கள் வந்தால் அடித்துவிடுங்கள். குழந்தை சொன்னதை மழலையோடு அப்படியே எழுதுங்கள். உங்கள் விளக்கத்தைப் பக்கத்தின் வலப்புறத்தில் தனியாக, பிறகு எழுதுங்கள். சண்டையும் அழுகையும் தாமாகவே நம் கண்ணில் படும் என்பதால் அமைதியாக இருக்கும் குழந்தைகளுக்கென்று வேண்டுமென்றே நேரம் ஒதுக்குங்கள். மாத முடிவில் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்து, யாரைப் பற்றி ஒரு குறிப்பும் இல்லையோ அந்தக் குழந்தையிடமிருந்து அடுத்த மாதத்தைத் தொடங்குங்கள்.

களப்பயிற்சியில் நடந்துகொள்ளும் முறை

முதல் நாளிலேயே புதிய விளையாட்டுகளைக் கொண்டுபோய் அசத்த வேண்டியதில்லை. குழந்தைகளின் பெயர்கள், அன்றாட ஒழுங்கு, யாருக்கு என்ன ஒவ்வாமை, ஆபத்துக் காலத்தில் வெளியேறும் வழி ஆகியவற்றை வழிகாட்டி ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நின்றபடி குனிந்து பேசாமல், குழந்தையின் கண்மட்டத்துக்கு இறங்கி உட்காருங்கள்.

காலையில் பெற்றோரைப் பிரியும் நேரம்தான் பயிற்சி மாணவருக்குக் கடினமானது. அழும் குழந்தைக்கு வேடிக்கை காட்டி, அது திரும்பிப் பார்ப்பதற்குள் அம்மாவை நழுவச் சொல்வது எளிய வழியாகத் தோன்றும். ஆனால் அப்படி ஏமாந்த குழந்தை மறுநாள் கண்ணை எடுக்காமல் அம்மாவின் சேலையையோ கையையோ பற்றிக்கொண்டே இருக்கும். போகிறேன், இன்ன நேரத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போகும்படி அம்மாவிடம் கேளுங்கள். அவர் போன பிறகு, “அழாதே” என்று அடக்காமல், “அம்மா போனது உனக்கு வருத்தமாக இருக்கிறது, தூங்கி எழுந்ததும் வந்துவிடுவார்” என்று சொல்லி, குழந்தை விரும்பினால் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். எது ஆறுதல் தந்தது என்பதையும் அன்று மாலையே எழுதிவையுங்கள்.

கேள்வி கேட்டபின் காத்திருக்கவும் பழக வேண்டும். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் தொடக்கப்பள்ளி வகுப்புகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் பதிலுக்காகச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக நீட்டியதும் மாணவர்களின் பதில்கள் நீண்டன, முன்பு பேசாதவர்களும் பேசினார்கள். சொற்களை இன்னும் தேடிக்கொண்டிருக்கும் மழலைகளுக்கு அதைவிடவும் கூடுதலான நேரம் தேவை.

வழிகாட்டி ஆசிரியரிடம் “எப்படிச் செய்தேன்?” என்று பொதுவாகக் கேட்டால் “நன்றாக இருந்தது” என்ற பதிலே வரும். கதை சொல்லும்போது பின்வரிசைக் குழந்தைகள் எந்த இடத்தில் எழுந்து போனார்கள் என்பது போல ஒரே ஒரு செய்தியைக் கவனித்துச் சொல்லும்படி முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் பயனுள்ள பதில் கிடைக்கும்.

உடல் பாதுகாப்புப் பாடங்களை ஏட்டளவில் நிறுத்திவிடாதீர்கள். கைக்குழந்தையை மல்லாந்த நிலையில்தான் உறங்கவைக்க வேண்டும். அணையாடை மாற்றிய பின்பும் உணவு தருவதற்கு முன்பும் சோப்பால் இருபது நொடியாவது கை கழுவ வேண்டும். தொண்டையில் பொருள் சிக்கினால் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முதுகில் ஐந்து தட்டுகளும் மார்பில் ஐந்து அழுத்தங்களும் மாறி மாறித் தர வேண்டும். அக்குழந்தையின் வயிற்றை அழுத்தக் கூடாது. இதைப் பயிற்சிப் பொம்மையின் மீது, கை தானாகச் செய்யும் அளவுக்குப் பழகுங்கள்.

பெற்றோரும் குழந்தையின் பாதுகாப்பும்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி நகரில் 1962-இல் தொடங்கிய பெர்ரி மழலையர் பள்ளித் திட்டம், அங்கு படித்த குழந்தைகளின் பிற்கால வாழ்க்கை வரை தொடர்ந்து ஆராயப்பட்டதால் புகழ்பெற்றது. அதன் ஆசிரியர்கள் வகுப்போடு நின்றுவிடாமல் வாரந்தோறும் ஒவ்வொரு குழந்தையின் வீட்டுக்கும் சென்று தாயோடும் குழந்தையோடும் நேரம் செலவிட்டார்கள் என்பதைப் பயிற்சி மாணவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். வீட்டுக்குப் போகும் வாய்ப்பு எல்லாருக்கும் அமையாது. மாலையில் வாசலில் நிற்கும் பெற்றோரிடம் “இன்று சமர்த்தாக இருந்தாள்” என்பதற்குப் பதிலாக, அன்று பார்த்ததில் ஒன்றைச் சொல்வது எல்லாராலும் முடியும்: “இன்று செருப்பை அவளாகவே மாட்டிக்கொண்டாள், இடது வலது மாறியதையும் அவளே கண்டுபிடித்தாள்.” குறைகளை வாசலில், குழந்தையின் காதுபடப் பேசக் கூடாது.

குறிப்பேட்டில் முழுப் பெயர் எழுதாதீர்கள். குழந்தைகளின் படங்களை உங்கள் கைப்பேசியில் எடுக்காதீர்கள். ஒரு குழந்தை தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொன்னாலோ, உடலில் சந்தேகத்துக்குரிய காயத்தைக் கண்டாலோ, துருவித் துருவி விசாரிக்காமல் அமைதியாகக் கேளுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். குழந்தை சொன்ன சொற்களையும் நேரத்தையும் அப்படியே எழுதி, அன்றே பொறுப்பாளரிடம் தெரிவியுங்கள். பல நாடுகளில் இவ்வாறு தெரிவிப்பது சட்டக் கடமை. கருத்துக் கலக்காமல் எழுதப் பழகிய கையின் அருமை இத்தகைய நாளில்தான் முழுமையாகத் தெரியவரும்.

படிப்பை முடிக்கும்போது

கடைசிப் பருவத்தில், உங்கள் குறிப்புகளில் சிறந்த சிலவற்றைத் தேர்ந்து, குழந்தையை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கி, ஒவ்வொன்றுக்கும் அடுத்து நீங்கள் செய்ததையும் அதன் விளைவையும் எழுதி ஒரு கோப்பாக்குங்கள். நேர்காணலில் சான்றிதழ்களைவிட இக்கோப்பு உங்களைப் பற்றி அதிகம் சொல்லும். அதே நேர்காணலில் நீங்களும் கேளுங்கள்: ஓர் ஆசிரியருக்கு எத்தனை குழந்தைகள், குறிப்பு எழுதவும் திட்டமிடவும் பணிநேரத்துக்குள்ளேயே நேரம் ஒதுக்குகிறார்களா, புதிதாகச் சேருபவருக்கு முதல் ஆண்டில் துணையாக மூத்த ஆசிரியர் ஒருவர் இருப்பாரா என்று. வேறு வாய்ப்புக்குக் காத்திருக்க முடியுமானால், இரண்டாவது கேள்விக்குச் சரியான பதில் தராத இடத்தில் சேருவதைத் தள்ளிப்போடுங்கள்.