வெயில் காலத்தில் பிலிம் கழுவ 24 டிகிரி

காசிமேட்டை மாதம் ஒரு ரோல் எடுத்துவந்ததில், மே மாத நெகட்டிவ் மட்டும் கறுத்து, வானம் விவரமே தெரியாமல் அடைத்துக் கிடந்தது. கேமராவில் குறையில்லை; மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் 34 டிகிரி. சூடு ஏறினால் டெவலப்பர், அதாவது பிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசல், வேகமாக வேலை செய்யும். 20 டிகிரிக்குக் குறித்த நேரம் அந்தச் சூட்டில் தேவைக்கு மிஞ்சிவிடும்.

சென்னையில் 20-க்கு இறக்கி நிறுத்துவது வீண் பாடு. 24-இல் வைத்தேன். எச்பி5 பிளஸ் என்ற கறுப்பு-வெள்ளை பிலிமுக்கு டி-76 டெவலப்பர் 150 மில்லி, தண்ணீர் 150 மில்லி: 20-இல் 11 நிமிடம், 24-இல் சுமார் 8.

ஐஸை உறையில் கட்டி, பிலிம் கழுவும் டேங்க் நிற்கும் வாளியில் மட்டும் போடுங்கள். கரைசலில் போட்டால் நீர்த்துவிடும். ஸ்டாப் (டெவலப்பரின் வேலையை நிறுத்துவது), ஃபிக்சர் (படத்தை நிலைக்க வைப்பது), கடைசியில் அலசும் தண்ணீர் எல்லாமே 24-ஐ ஒட்டி இருக்கட்டும். அலசலை மட்டும் சூடான குழாய்த் தண்ணீரில் முடித்தால், பிலிமில் படம் பதியும் பூச்சான எமல்ஷன் சுருங்கி, வலை விரித்தாற்போல் வெடிப்பு தெரியக்கூடும். அதைச் சரிசெய்ய வழியே கிடையாது.