கோடை ஆராய்ச்சி இன்டர்ன்ஷிப்: பி.எஸ்சி மாணவர்கள் தீபாவளிக்கே தொடங்க வேண்டிய வேலை

பிராக்டிகல் எக்ஸாம் முடிந்து, ரெக்கார்டு நோட்டைத் திரும்ப வாங்க வரும்போதுதான் மாணவர்கள் கேட்பார்கள்: "சார், லீவுல எங்கயாவது ரிசர்ச் இன்டர்ன்ஷிப் பண்ணலாமா?" ஏப்ரல் மாதத்தில் இதைக் கேட்டால் எனக்கு மனசு கனத்துப்போகும். அந்த வருடத்துக்கான கதவுகளில் முக்கால்வாசி அதற்குள் சாத்தியிருக்கும். மார்க் போதாமல் வாய்ப்பை இழந்தவர்களைவிட, தேதி தெரியாமல் இழந்தவர்களைத்தான் எங்கள் அரசுக் கல்லூரியில் அதிகம் பார்த்திருக்கிறேன். வீட்டில் விவரம் சொல்ல ஆள் இல்லாத மாணவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

படி 1: காலண்டரில் குறியுங்கள்

மே, ஜூன் மாத வேலைக்கு முந்தைய அக்டோபரிலேயே தேடத் தொடங்க வேண்டும். மிகப் பெரிய வாசல், மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆராய்ச்சி ஃபெல்லோஷிப். 1934-ல் சர் சி.வி. ராமன் தொடங்கிய பெங்களூரு இந்திய அறிவியல் அகாடமியும், டெல்லி, பிரயாக்ராஜ் அகாடமிகளும் இணைந்து நடத்துகின்றன. இதன் விண்ணப்பம் தீபாவளியை ஒட்டித் திறந்திருக்கும். பெரும்பாலும் நவம்பரோடு மூடிவிடும். மற்ற பல திட்டங்களுக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காலம். வருடத்துக்கு வருடம் தேதி நகரும். வாட்ஸ்அப்பில் வரும் படத்தை நம்பாமல், அந்தந்த நிறுவனத்தின் தளத்துக்கே போய்ப் பாருங்கள்.

படி 2: எங்கே விண்ணப்பிப்பது?

அகாடமி ஃபெல்லோஷிப்பை எல்லோரும் போடலாம்: இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம், எதுவானாலும். தேர்வானால் ஒரு கைடின் லேபில் இரண்டு மாதம் வேலை. மாத உதவித்தொகையும் ரயில் கட்டணமும் தருகிறார்கள்.

அடுத்தது, மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் (டி.ஐ.எஃப்.ஆர்) வெளி மாணவர்களுக்காக நடத்தும் கோடைத் திட்டமான வி.எஸ்.ஆர்.பி. துறைக்குத் துறை தகுதி மாறும், கவனமாகப் படியுங்கள். வானியல் பிடிக்கும் என்றால் புனேயில் ஐயூக்கா என்ற வானியல் ஆராய்ச்சி மையம் நடத்தும் விடுமுறை மாணவர் திட்டம் இருக்கிறது. முதல் வருட மாணவர்கள் தவறவிடக்கூடாதது, மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் என்.ஐ.யூ.எஸ் திட்டம். 2004-லிருந்து நடக்கிறது. இளநிலை மாணவர்களுக்கென்றே உருவானது என்பதால், "எம்.எஸ்சி படித்துவிட்டு வா" என்று யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். சென்னை ஐஐடியின் கோடைத் திட்டத்தைத்தான் நம் பிள்ளைகள் முதலில் தேடுகிறார்கள். அது பெரும்பாலும் பொறியியல், எம்.எஸ்சி மாணவர்களை மனதில் வைத்து அமைந்தது. தகுதி வரியைப் படித்த பிறகு நேரம் செலவிடுங்கள்.

ஊருக்குப் பக்கத்திலும் பாருங்கள். தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், அடையாறில் தோல் ஆய்வகம், கொடைக்கானலில் சூரிய ஆய்வகம், ஜவ்வாது மலையில் காவலூர் தொலைநோக்கி. ஊட்டியில் மலைச்சரிவோடு சரிவாக 530 மீட்டர் நீளத்துக்கு நிற்கும் ரேடியோ தொலைநோக்கியைச் சுற்றுலா போன எத்தனையோ பேர் கேள்விப்பட்டதுகூட இல்லை.

அறிவியல் பட்டப்படிப்புக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் உதவித்தொகையை வாங்குபவர்கள் இந்த இடத்தில் நின்று படியுங்கள். வருடத்துக்கு 80,000 ரூபாய் என்று சொல்கிறார்களே, அதில் 60,000 உங்கள் கைச்செலவுக்கு. மீதி 20,000 கோடையில் ஓர் ஆராய்ச்சியாளரிடம் புராஜெக்ட் செய்வதற்கென்றே ஒதுக்கியது. அதைச் சம்பிரதாயத்துக்கு முடித்து அறிக்கை கொடுத்துவிடாதீர்கள். ஒரு பேராசிரியரை அணுக அதைவிட நல்ல காரணம் கிடையாது: "என் புராஜெக்ட்டுக்கு நிதி இருக்கிறது, வழிகாட்டுதல்தான் வேண்டும்" என்று எழுத முடியும்.

ஒரு எச்சரிக்கை. மூவாயிரம், ஐயாயிரம் கட்டினால் ஆன்லைனில் "ரிசர்ச் இன்டர்ன்ஷிப்" சர்டிபிகேட் தருவதாக வரும் விளம்பரங்களுக்குப் பணம் கட்டாதீர்கள். அந்தக் காகிதத்தைப் பிறகு எந்தத் தேர்வுக் குழுவும் மதிக்காது.

படி 3: என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று எழுதுவது

பல விண்ணப்பங்களில் ஒரு பத்தி எழுதச் சொல்வார்கள். தேர்வு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. நம் மாணவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். என்னிடம் திருத்த வரும் பத்தில் எட்டுப் பத்திகள் இப்படித்தான் தொடங்கும்: "சிறுவயது முதலே எனக்கு அறிவியலில் தீராத ஆர்வம். அப்துல் கலாம் ஐயாவைப் போல நாட்டுக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்." இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எழுதியவர் யார் என்று படிப்பவருக்குத் தெரியவே தெரியாது.

செகண்ட் இயர் மாணவி ஒருத்தி இப்படித்தான் எழுதிக்கொண்டு வந்தாள். "லேபில் உனக்குப் புரியாமல் போன ஒன்றைச் சொல்லும்மா" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஸ்பெக்ட்ரோமீட்டரில் மெர்குரி விளக்கைப் பார்த்த கதையைச் சொன்னாள். மஞ்சள் கோடு ஒன்றுதான் தெரிந்ததாம். பக்கத்து டேபிளில் இரண்டு தெரிகிறது என்றார்களாம். ஒளி உள்ளே நுழையும் இடுக்கான ஸ்லிட்டை இவள் மெல்ல மெல்லக் குறுக்கியிருக்கிறாள். திடீரென்று அந்த ஒரு கோடு 577, 579 நானோமீட்டரில் இரண்டாகப் பிரிந்தது. அப்படியானால் இன்னும் குறுக்கினால், ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கிரேட்டிங்கை இன்னும் நல்லதாக வைத்தால், இப்போது ஒன்றாகத் தெரிகிற கோடுகளும் பிரியுமா? ஒரு கோடு உண்மையிலேயே எவ்வளவு அகலம்?

"இதைத்தான் எழுதணும்" என்றேன். அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, சூரிய நிறமாலையின் கோடுகளைப் படிக்க விரும்புவதாக எழுதினாள். புதிய பத்தி பழையதைவிடச் சின்னது. ஆனால் அதை வேறு யாரும் எழுதியிருக்க முடியாது.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். ரெக்கார்டு நோட்டைப் புரட்டி, ரீடிங் சரியாக வராத ஒரு சோதனையை எடுங்கள். ஏன் வரவில்லை என்று இரண்டு வரி எழுதுங்கள். அங்கிருந்து நீங்கள் போக விரும்பும் துறைக்கு ஒரு பாலம் போடுங்கள்.

படி 4: ரெக்கமண்டேஷன் லெட்டர்

கடைசி நாளுக்கு மூன்று வாரம் முன்பே உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். எச்.ஓ.டி கையெழுத்துதான் கனம் என்று நினைக்காதீர்கள்; உங்களை லேபில் பக்கத்தில் நின்று பார்த்தவர் எழுதுவதுதான் பேசும். மார்க்‌ஷீட் நகல், நீங்கள் எழுதிய பத்தி, நீங்கள் செய்த செமினார் விவரம் மூன்றையும் கொண்டுபோய்க் கொடுங்கள். அரியர் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

படி 5: பேராசிரியருக்கு நேரடியாக மெயில்

அறிவிப்பு இல்லாமலும் இடம் கிடைக்கும். டிசம்பர் கடைசியில் தொடங்குங்கள். நிறுவனத் தளத்தில் ஆசிரியர் பக்கங்களைப் படித்து, பிடித்த பத்துப் பேரை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒரே மெயிலை எண்பது பேருக்கு அனுப்பினால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். பெண் பேராசிரியருக்கு "டியர் சார்" என்று போனதெல்லாம் உண்டு.

ஆங்கிலத்தில் எழுதுங்கள், ஆனால் எளிய ஆங்கிலம் போதும். தலைப்பில் எந்த மாதங்கள், எந்தத் துறை என்பது தெரியட்டும். முதல் பத்தியில் நீங்கள் யார், எந்த ஊர்க் கல்லூரி, எந்த வருடம். இரண்டாவது பத்தியில் அவருடைய எந்த வேலையைப் படித்தீர்கள், அதில் எது புரிந்தது, எது புரியவில்லை. முழுக் கட்டுரையும் புரிந்ததாகக் காட்ட வேண்டாம். சுருக்கமும் ஒரு படமும் புரிந்திருந்தால் அதையே சொல்லுங்கள். மூன்றாவது பத்தியில் உங்களால் என்ன முடியும்: கொஞ்சம் பைத்தான், டைட்ரேஷன், ஸ்லைடு தயாரிப்பது, எதுவானாலும் உள்ளதைச் சொல்லுங்கள். ஒரு பக்க ரெஸ்யூமேவை இணைத்துவிடுங்கள்.

பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள். பிறகு அடுத்தவருக்கு நகருங்கள். பத்தில் ஒன்பது மெயிலுக்குப் பதில் வராமல் போவது சகஜம், அதை உங்கள் தகுதியோடு சேர்த்துப் பார்க்காதீர்கள்.

படி 6: கிடைத்த பிறகு

போகும் முன் கல்லூரியில் போனஃபைடும் முதல்வரின் அனுமதிக் கடிதமும் வாங்கிவிடுங்கள். ஜூனில் கல்லூரி திறந்த பிறகும் சில வாரங்கள் அங்கே இருக்க வேண்டிவரும், அட்டெண்டன்ஸ் பற்றி முன்பே பேசிவிடுவது நல்லது. விடுதி உண்டா, உதவித்தொகை முதல் மாதமே வருமா, கடைசியில்தான் வருமா என்று தயங்காமல் கேளுங்கள். கடைசியில்தான் வரும் என்றால் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் கையில் பணம் வேண்டும், அதை வீட்டில் மார்ச்சிலேயே சொல்லிவைக்க வேண்டும். ரயிலில் 60 நாளுக்கு முன்பே முன்பதிவு தொடங்கிவிடும். மே மாத டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துபோகும். கட்டணத்தைத் திருப்பித் தரும் திட்டமாக இருந்தால், போகவர இரண்டு டிக்கெட்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.