பைபாஸுக்குப் பிறகு வரும் படபடப்பு: எனக்குக் கைகொடுத்தவை

இரைப்பை பைபாஸ் (எடை குறைக்க, இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலோடு இணைக்கும் அறுவை சிகிச்சை) செய்துகொண்டவர்களுக்குச் சாப்பிட்ட 10 முதல் 30 நிமிடத்துக்குள் வியர்வை, படபடப்பு, வயிற்றுப் பிடிப்பு, வயிற்றுப்போக்கு வந்தால் அது பெரும்பாலும் டம்பிங். சர்க்கரை மிகுந்த உணவு சிறுகுடலுக்குள் வேகமாக இறங்கி, ரத்தத்திலிருந்து நீரைக் குடலுக்குள் இழுக்கிறது. 1 முதல் 3 மணி நேரம் கழித்து நடுக்கமும் கண் இருட்டலும் வந்தால் காரணம் வேறு: இன்சுலின் அதிகமாகச் சுரந்து ரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடுகிறது. அந்த நேரத்திலேயே குளுக்கோமீட்டரில் பார்த்துக் குறித்து வையுங்கள், மருத்துவருக்கு அது பெரிய உதவி.

எனக்கு அதிகப் பலன் தந்தது, தண்ணீரைச் சாப்பாட்டிலிருந்து பிரித்ததுதான். சாப்பிடும்போது குடிப்பதில்லை, முடித்து 30 நிமிடம் கழித்தே, மிடறு மிடறாக. சோற்றில் ஊற்றும் ரசமும் இந்தக் கணக்கில் சேரும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். தட்டில் முதலில் முட்டை, மீன் அல்லது பனீர், பிறகு காய், இடமிருந்தால் அரை இட்லி. பழச்சாறு, பாயசம், சர்க்கரை போட்ட கஞ்சி வேண்டாம்.

ரத்தச் சர்க்கரை 70 mg/dL-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடத்தில் மறுபடி சோதனை. சரியானதும் கொஞ்சம் புரதம் கட்டாயம் சாப்பிடுங்கள். வெறும் இனிப்போடு நிறுத்தினால் இன்சுலின் மீண்டும் ஏறி, அதே தாழ்வு திரும்பும். உணவை மாற்றியும் அடங்காவிட்டால் மாவுச்சத்து செரிப்பதை மெதுவாக்கும் அகார்போஸ் மாத்திரை பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதனால் வாயுத் தொல்லை வரலாம். மயக்கமோ குழப்பமோ வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள், அதுவரை வண்டி ஓட்டாதீர்கள்.