கதவுக்கும் கிரில்லுக்கும் வாட்டர் எனாமல்

வீட்டுக்குள் கதவு, ஜன்னல் கிரில்லுக்கு எனாமல் அடித்தால் தின்னர் வாடையில் இரண்டு நாள் தலைவலி நிச்சயம் என்று பயப்பட வேண்டாம். தண்ணீரில் கலக்கும் எனாமல் இப்போது பெயின்ட் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. வாடை குறைவு, பிரஷ்ஷைக் குழாயடியிலேயே கழுவிவிடலாம். வெள்ளை நிறம் அடிப்பவர்கள் யோசிக்காமல் இதையே வாங்கலாம். ஆயில் எனாமல் வெள்ளை, வெளிச்சம் படாத இடத்தில் நாளாக ஆக மஞ்சளடித்துவிடும்.

டப்பாவில் 'எனாமல்' என்றும், மரம், இரும்பு இரண்டுக்கும் ஏற்றது என்றும் போட்டிருக்கிறதா பாருங்கள். சுவருக்கு அடிக்கும் எமல்ஷனையே கதவுக்கும் அடித்து, கைப்பிடியைச் சுற்றி அழுக்கேறி, நான் ஒருமுறை பட்டது போதும்.

இரும்பில்தான் கவனம் வேண்டும். வெறும் இரும்பில் நேராக அடித்தால் காய்வதற்குள்ளேயே துருப்புள்ளிகள் எட்டிப்பார்க்கும். துருவைச் சுரண்டிவிட்டு மெட்டல் பிரைமர் (இரும்புக்கான அடிப்பூச்சு) ஒரு கோட் கட்டாயம். பழைய ஆயில் பெயின்ட் பளபளவென்று இருந்தால், முகமூடி கட்டிக்கொண்டு 220 நம்பர் உப்புத்தாளால் மினுமினுப்பு போகும்வரை தேய்க்க வேண்டும். இல்லையென்றால் புதுப் பெயின்ட் நகம் பட்டாலே தோலாக உரிந்து வரும்.

அப்புறம், தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக அன்றைக்கே கதவை அழுத்திச் சாத்தாதீர்கள். பெயின்ட் முழுதாக இறுக இரண்டு, மூன்று வாரம்கூட ஆகலாம். அதுவரை நிலையோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, கதவு விளிம்பில் கொஞ்சம் முகப்பவுடர் தடவி வையுங்கள்.